தாய் என்ன பார்வையாளரா?

டாக்டர் அன்பர் ஒருவர் எனக்கு நான்கு பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறார். சில மாதங்களுக்கு முன் வெளிவந்த என் சிறுகதை ஒன்றில், குறைமாதத்தில் பிறந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் தன் குழந்தையைப் பார்ப்பதற்காக, ஒரு தாய் வாசல் காவல்காரனைத் தள்ளிவிட்டு உள்ளே போய்விடுகிறாள். அவள் பக்கமே நியாயம் என்பதுபோல் கதை முடிகிறது. அன்பருக்கு அதுதான் பொறுக்கவில்லை. "உங்களைப் போன்ற எழுத்தாளர்களுக்கு உணர்ச்சி போதும், எங்களுக்கு உயிர் முக்கியம். இந்தக் கதையைப் படித்துவிட்டு நாளைக்கு நாலு பேர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, அதனால் ஒரு குழந்தைக்குக் கிருமி தொற்றினால், அந்தப் பாவம் யாரைச் சேரும்?" என்று கேட்டிருக்கிறார்.

கேள்வி கோபத்தோடு கேட்கப்பட்டது. ஆனால் யோக்கியமான கோபம். ஆகவே தனிக் கடிதம் எழுதி அவரைச் சமாதானப்படுத்துவதை விட, எல்லாரும் படிக்கும்படி இங்கேயே பதில் சொல்லிவிடுவது மரியாதை என்று நினைக்கிறேன். இது அந்த ஒரு டாக்டரின் அபிப்பிராயம் மட்டுமல்ல. நம்மில் படித்தவர்கள் பலருக்கும் இதே அபிப்பிராயம்தான்.

என் பதில் இது. அந்தத் தாய் காவல்காரனைத் தள்ளியதைப் பற்றி விவாதிப்பதற்கு முன்னால், அவளைத் தடுப்பதற்கென்று அங்கே ஒரு காவல்காரன் ஏன் நிற்கிறான் என்று விவாதிப்போம். தாயைத் தடுப்பது எந்த வைத்திய சாஸ்திரத்தில் இருக்கிறது?

பச்சிளங்குழந்தைகள் பிரிவின் வாசலில் பல ஆஸ்பத்திரிகளில் ஒரு பலகை தொங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 'பார்வையாளர் நேரம்' என்று அதற்குத் தலைப்பு. மாலையில் ஒரு மணி நேரம். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு மரியாதைக்கு எட்டிப் பார்த்துவிட்டுப் போக வந்த ஒன்றுவிட்ட மாமாவுக்கும் அந்த ஒரு மணிதான்; தையல் பிரிக்காத வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு நிற்கும் பெற்றவளுக்கும் அந்த ஒரு மணிதான். மற்ற நேரங்களில் அவளுக்கு இன்னொரு பெயர் உண்டு: 'அட்டெண்டர்'. "இன்னார் பேபி அட்டெண்டர் யாரும்மா? பால் கொண்டு வா!" பெற்ற தாய்க்கு அந்தக் கட்டடத்தில் இருக்கும் பட்டங்கள் இந்த இரண்டுதான்.

பார்வையாளர் என்ற சொல் சரியாகப் பொருந்திய ஒரு காலம் இருந்தது. நியூயார்க் நகரத்துக் கடற்கரையில் கோனி தீவு என்ற கேளிக்கைத் திடலில், மார்ட்டின் கூனி என்பவர் 1903 முதல் 1943 வரை குறைமாதக் குழந்தைகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் வைத்துக் காட்சி நடத்தினார். ராட்டினத்துக்கும் மிட்டாய்க் கடைக்கும் நடுவே, தலைக்கு 25 சென்ட் கொடுத்துவிட்டு ஜனங்கள் பார்த்துப் போனார்கள். அந்தக் காசில்தான் நர்சுகளுக்குச் சம்பளம்; பெற்றோரிடம் அவர் காசு வாங்கவில்லை. ஆஸ்பத்திரிகள் கைவிட்ட எத்தனையோ குழந்தைகள் அந்தத் திடலில் பிழைத்தன. விசித்திரமான மனிதர், புண்ணியவான் என்றே சொல்லலாம். டிக்கெட் வாங்கிக்கொண்டு அங்கே வந்தவர்கள் பார்வையாளர்கள். நம் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பாயை விரித்துக்கொண்டு கிடக்கிறவள் பார்வையாளரா?

நான் யந்திரங்களுக்கு விரோதி அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 34 வாரம் ஆவதற்கு முன்னால் பிறக்கிற குழந்தைக்கு உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று இசைத்துச் செய்யத் தெரியாது. அதனால் குழாய் வழியாகப் பால் போகிறது. தோலுக்கு அடியில் கொழுப்பு இல்லாததால் உடம்பில் சூடு நிற்காது. நுரையீரலின் சிறு அறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கிற திரவம் போதாது. சில சமயம் மூச்சு விடுவதையே மறந்துவிடும். யாராவது உள்ளங்காலைச் சுண்டி நினைவூட்ட வேண்டும். இதையெல்லாம் ராத்திரி பகலாகக் கவனிக்கிற டாக்டர்களையும் நர்சுகளையும் நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி, தமிழ்நாட்டில் உயிரோடு பிறக்கிற 1000 குழந்தைகளில் ஒரு வயது நிறைவதற்குள் இறந்து போகிறவை 13. இந்தியா முழுவதற்கும் அந்தக் கணக்கு 28. இது சும்மா வந்த பெருமை அல்ல. ஆனால் அந்த 13லும் 9 குழந்தைகள் முதல் 28 நாளுக்குள் இறந்து போகின்றன. மிச்சமிருக்கிற போராட்டம் பெரும்பாலும் அந்த 28 நாளில்தான், அந்தக் கதவுக்கு உள்ளேதான் என்று இதற்கு அர்த்தம். அங்கே ஒரு பெரிய வைத்தியத்தை நாம் வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறோம் என்பதுதான் என் வழக்கு.

கதை எழுதுகிறவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று அன்பர் கேட்கலாம். கல்லூரியில் இரண்டு வருஷத்தைத் தாண்டாதவன் நான். ஆனால் அந்தக் கதவின் முன்னால் 34 நாள் நின்றவன்.

ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் மண்ணூர் என்று ஓர் ஊர். நெல் வயலும் தொழிற்சாலை மதிலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற ஊர். விடியுமுன்னே கம்பெனி பஸ்களின் ஹாரன் எழுப்பிவிடுகிற ஊர். என் சித்தப்பாவின் மகள், என் தங்கை, அங்கேதான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். மாப்பிள்ளைக்குக் கார் உதிரி பாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் வேலை. மூன்று வருஷத்துக்கு முன், 31ஆம் வாரத்திலேயே அவளுக்கு வலி கண்டுவிட்டது. ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தூரத்தில் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை, 1 கிலோ 350 கிராம். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே வேண்டாத விஷயம். அங்கே கெட்டவர்கள் யாரும் இல்லை. கெட்ட வழக்கம் ஒன்றுதான் இருந்தது.

மாலை 5 முதல் 6 வரை பார்க்கலாம். ஒரு குழந்தைக்கு ஒருவர், பத்து நிமிஷம். தாய் போனால் தகப்பன் போக முடியாது. தினம் நாலேமுக்கால் மணிக்கு அந்தப் புருஷனும் பெண்சாதியும் படிக்கட்டில் உட்கார்ந்து, "இன்னிக்கு நீங்க போங்க", "வேணாம், நீ போ" என்று பேசிக்கொள்வதை நான் கேட்டிருக்கிறேன். பெற்ற பிள்ளையை இன்றைக்கு யார் பார்ப்பது என்று ஒரு தம்பதி முறை வைத்துக்கொள்கிற காட்சியை எந்தக் கதையிலும் நான் எழுதியதில்லை. எழுதியிருந்தால் மிகை என்று சொல்லியிருப்பீர்கள்.

அதுவும் மாப்பிள்ளைக்கு முதல் ஷிப்டாக இருக்கிற வாரத்தில்தான். முதல் ஷிப்டு காலை 6 மணிக்குத் தொடங்கி 2 மணிக்கு விடும். பஸ் மாறி பஸ் ஏறி 5 மணிக்கு வந்து சேர்ந்துவிடலாம். இரண்டாவது ஷிப்டு பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை. அந்த வாரம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமை தவிர அவன் தன் மகளைப் பார்க்க முடியாது. லீவு போட்டால் அந்த நாள் கூலி போகும். மாதம் முழுக்க வந்தால் தருகிற வருகைப் படியும் சேர்ந்து போகும். இரண்டு நாள் போட்டான். மூன்றாவது நாள், "வேலை வேணுமா, வேணாமா?" என்று மேஸ்திரி போனில் கேட்டான். காலை 9 மணிக்கு வந்து காவல்காரனிடம் கெஞ்சிப் பார்த்தான். "அஞ்சு மணிக்கு வாப்பா" என்றான் அவன். அவனுக்கும் அந்த வேலை வேண்டியிருக்கிறதே!

என் தங்கை இரண்டு மணிக்கு ஒரு தரம் பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் கொடுப்பாள். கதவு ஒரு சாண் திறக்கும், ஒரு கை வரும், கிண்ணம் உள்ளே போகும், கதவு மூடும். பத்தாம் நாள் பால் சுருங்கிவிட்டது. பவுடர் டப்பா வாங்கி வரச் சொன்னார்கள். கன்றைக் காட்டாமல் கறந்தால் மாடுகூட மடியை இறுக்கிக்கொள்ளும் என்பது மண்ணூரில் மாடு வைத்திருக்கிற யாருக்கும் தெரியும். பிள்ளையின் ஸ்பரிசமும் முகமும் குரலும்தான் பாலை இறக்குகின்றன என்பதை வைத்தியமும் ஒப்புக்கொள்கிறது. குறைமாதக் குழந்தையின் குடலைக் கெடுதியிலிருந்து காப்பதில் தாய்ப்பாலுக்கு நிகர் வேறில்லை என்று அதே ஆஸ்பத்திரியின் சுவரில் படம் போட்டு ஒட்டியிருந்தார்கள். அந்தப் படத்துக்குக் கீழேதான் பால் வற்றிய தாய் உட்கார்ந்திருந்தாள்.

34ஆம் நாள் குழந்தையை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிழைத்துவிட்டாள், இன்றைக்கு மூன்று வயதில் ஓடியாடுகிறாள். அதற்காக அவர்களுக்கு நான் ஆயுளுக்கும் கடமைப்பட்டவன். ஆனால் அந்த முதல் ராத்திரி என் தங்கை படுக்கவே இல்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்: "எனக்குப் பயமா இருக்குதுண்ணா. இவ எதுக்கு அழுவுறான்னு எனக்குத் தெரியல. அந்த நர்ஸம்மாவுக்குத்தான் தெரியும்."

தாயாகி ஐந்து வாரம் ஆன பெண்ணின் வாயிலிருந்து இந்த வார்த்தை வரும்படி செய்தோமே, அதுதான் நான் சொல்லும் அநியாயம். அந்த ஐந்து வாரமும் அவள் உள்ளே இருந்திருந்தால் எந்த அழுகை பசி, எந்த நிறம் ஆபத்து என்று நர்சைப் போலவே கற்றுக்கொண்டிருப்பாள். கடைசி நாளில் பத்து நிமிஷம் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஒரு சீட்டையும் கையில் கொடுத்து, உயிரைத் தூக்கி மடியில் போட்டால் அவள் என்ன செய்வாள்?

இனி அன்பருடைய வாதங்களுக்கு வருகிறேன்.

முதலாவது, கிருமி. இதுதான் அவருடைய பிரம்மாஸ்திரம். தாய் உள்ளே வந்தால் தொற்று பெருகும் என்ற பயம் பழைய பயம். அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்து டாக்டர்கள் தாய்மாரைக் குறைமாதக் குழந்தைகள் அறைக்குள் விட்டுப் பார்த்து, அதைப் பற்றி 1970லேயே எழுதினார்கள். பயந்த அளவு தொற்று எதுவும் பெருகவில்லை. டில்லியில் ராம் மனோகர் லோகியா ஆஸ்பத்திரியில், பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்து உள்ளே விட்டு நடத்திய ஆராய்ச்சி 2017ல் வெளிவந்தது. அங்கும் தொற்று கூடவில்லை. தாய்ப்பால் குடித்துக்கொண்டு வீடு திரும்பிய குழந்தைகள்தான் கூடின.

அது போதாதென்றால் இன்னொன்றைக் கேளுங்கள். உலக சுகாதார ஸ்தாபனம் கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய ஐந்து நாடுகளின் ஐந்து ஆஸ்பத்திரிகளில் ஓர் ஆராய்ச்சி நடத்தியது. நம் நாட்டில் டில்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரி. 1 கிலோவிலிருந்து 1 கிலோ 799 கிராம் வரை எடையுள்ள 3,211 குழந்தைகள். ஒரு பாதிக் குழந்தைகளை, உடல்நிலை தேறும் வரை காத்திராமல், பிறந்தவுடனே தாயின் மார்போடு தோலோடு தோலாக அணைத்து வைத்தார்கள். நாளில் ஏறத்தாழ 17 மணி நேரம். அதற்காகத் தாயும் குழந்தையும் ஒன்றாக இருக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவையே அமைத்தார்கள். மறு பாதியை வழக்கப்படி பெட்டியில் வைத்து, தேறிய பிறகு தாயிடம் கொடுத்தார்கள். 28 நாளில் வழக்கப்படி வைத்த குழந்தைகளில் 100க்கு 15.7 இறந்தன, தாயோடு வைத்தவற்றில் 12. அதாவது இறக்க வேண்டிய நாலில் ஒன்று பிழைத்தது. ரத்தத்தில் கிருமி ஏறியதாகச் சந்தேகிக்கப்பட்டவை பெட்டிப் பக்கத்தில் 27.8; தாய்ப் பக்கத்தில் 22.9. இனியும் ஒரு பாதிக் குழந்தைகளுக்கு இதை மறுப்பது தர்மமல்ல என்று ஆராய்ச்சியையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். 2021ல் வெளியான செய்தி இது. அடுத்த வருஷமே அந்த ஸ்தாபனம் இதைத் தன் பரிந்துரையாக உலகத்துக்கு அறிவித்துவிட்டது.

டாக்டர் அன்பரே! கிருமி தாயோடு வரவில்லை. தாய் இருந்த இடத்தில் கிருமி குறைந்தது. உயிர் முக்கியம் என்று எழுதினீர்கள். உயிர்க்கணக்கைத்தான் நானும் உங்கள் முன் வைக்கிறேன். இதில் யார் உணர்ச்சிவசப்பட்டவர்?

இது புதிய ஞானமும் அல்ல. 1880ஐ ஒட்டி பாரிஸ் நகரத்தில் தார்னியே என்ற டாக்டர், கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்துத்தான் குழந்தைகளுக்குக் கதகதப்புப் பெட்டி செய்வித்தார். அவருடைய வழியில் வந்த பியேர் புதேன், பெட்டியில் வைத்த குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்துவிட்டால் பாலும் போகும், பாசமும் போகும் என்று கண்டு, தாயை அருகிலேயே இருத்திப் பால் கொடுக்கச் செய்தார். பெட்டியை எடுத்துக்கொண்ட உலகம், அவர் சொன்னதை மட்டும் விட்டுவிட்டது.

மறுபடியும் அதை ஏழ்மைதான் கண்டுபிடித்தது. 1978ல் கொலம்பியா நாட்டுப் பொகோட்டா நகரத்து ஏழை ஆஸ்பத்திரியில் பெட்டிகள் போதவில்லை. ஒரு பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகள். ஒன்றின் கிருமி மற்றொன்றுக்குத் தாவியது. எட்கார் ரே என்ற டாக்டர் குழந்தைகளைத் தாய்மாரின் மார்பில் கட்டிவிட்டார். கங்காரு முறை என்று இன்று எல்லா ஆஸ்பத்திரிகளிலும் படம் மாட்டியிருக்கிறார்களே, அது அங்கே பிறந்தது. 1979ல் எஸ்டோனியாவின் தால்லின் நகரத்தில் நர்சுகள் போதாமல் ஆதிக் லெவின் என்ற டாக்டர், நோயுற்ற பச்சிளங்குழந்தைகளை முழுநேரமும் தாய்மாரே பார்த்துக்கொள்ளும்படி செய்தார். வசதி இல்லாதவர்கள் தாயைக் கூப்பிட்டார்கள். நமக்குக் கொஞ்சம் வசதி வந்ததும் தாயை வெளியே அனுப்பிவிட்டோம்.

இரண்டாவது வாதம், இடமில்லை. "நாங்கள் கட்டில்களை எங்கே போடுவது?" என்று கேட்கிறார். அன்பர் ஒரு நாள் மண்ணூர்ப் பக்கம் வரட்டும்; நான் அழைத்துப் போய்க் காட்டுகிறேன். அங்கிருந்து எட்டிப் பிடிக்கிற தூரத்தில் வல்லம் வடகாலில், தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்கள் தங்குவதற்காக 18,720 படுக்கைகள் கொண்ட விடுதியை அரசின் சிப்காட் நிறுவனம் கட்டி, 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். நல்ல காரியம், நான் குறை சொல்லவில்லை. தொழிற்சாலைக்குப் பெண்கள் வேண்டும் என்றதும் 18,720 படுக்கைக்கு இடமும் பணமும் சிமெண்டும் கிடைத்தன. அதே பெண்களில் ஒருத்தி நாளைக்குக் கல்யாணமாகிக் குறைமாதத்தில் பெற்று நிற்கும்போது, அவளுக்குக் குழந்தையின் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சாய்வு நாற்காலி போட மட்டும் இடமில்லையா? இடம் என்பது மனசில் இருந்தால் சுவரிலும் வந்துவிடும்.

மூன்றாவது வாதம்: "படிக்காத ஜனங்கள், அழுது ஆர்ப்பாட்டம் செய்வார்கள், எதையாவது தொட்டுக் கெடுப்பார்கள்." இதைப் படித்தபோதுதான் எனக்கு உண்மையில் கோபம் வந்தது. குறைமாதக் குழந்தைக்குப் பால் புகட்ட நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் என்ன பாத்திரம் வைத்திருக்கிறார்கள்? நம் பாட்டிமார் வீட்டில் வைத்திருந்த அதே பாலாடை. வைத்தியப் பத்திரிகைகள் அதைத் தமிழ்ப் பெயராலேயே குறிப்பிட்டு ஆராய்ச்சி எழுதுகின்றன. அந்தப் பாலாடையைப் பிடிக்கத் தெரிந்த கை தாழ்வாரத்தில் சும்மா கிடக்கிறது. உள்ளே ஒரு நர்ஸ் தன்னால் ஆகக்கூடியதைவிட அதிகமான குழந்தைகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருக்கிறாள். கை கழுவுவதையும் துணி மாற்றுவதையும் மார்போடு அணைத்துக் கட்டுவதையும் நிறம் மாறினால் உடனே குரல் கொடுப்பதையும் ஒரு தாய்க்குக் கற்றுக் கொடுக்க எத்தனை நாள் ஆகும்? மத்திய சுகாதார அமைச்சகமே 2017ல் இதற்கென்று வழிகாட்டி நெறிகளை வெளியிட்டு, பெற்றோரைச் சிகிச்சையில் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறது. அப்படியே நடத்துகிற ஆஸ்பத்திரிகளும் உண்டு. ஆகவே நான் கேட்பது வானத்து நட்சத்திரம் அல்ல. சர்க்கார் காகிதத்தில் எழுதி வைத்திருப்பதைத்தான்.

அழுவார்கள் என்கிறீர்கள். அழட்டும் ஐயா. ஒன்றேகால் கிலோ பிள்ளையைப் பார்த்து அழாதவர்களைக் கண்டால்தான் நீங்கள் பயப்பட வேண்டும்.

டாக்டர்களை மட்டும் சாடிவிட்டு நான் நகர்ந்துவிட்டால் அது அநியாயமாகும். ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்துவிட்டாலும் மண்ணூர் மாப்பிள்ளையால் உள்ளே வர முடியாது. அவனுக்குத் தொழிற்சாலையில் இன்னொரு கதவு இருக்கிறது. பெண்ணுக்கு 1961ல் வந்த பேறுகாலச் சட்டம், 2017ல் திருத்தப்பட்டு முதல் இரண்டு பேறுகளுக்கு 26 வாரம் தந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 26 வாரம். சந்தோஷம். ஆனால் குழந்தை பெட்டியில் கிடக்கிற நாட்களும் அந்த 26 வாரத்தில்தான் கழிகின்றன. குறைமாதப் பிரசவம் என்ற வார்த்தை சட்டத்தில் இல்லாமல் இல்லை; அதனால் தாய்க்கு நோய் வந்தால் மேலும் ஒரு மாதம் என்று எழுதியிருக்கிறார்கள். நோய் குழந்தைக்கென்றால் சட்டம் வாய் திறக்கவில்லை. தனியார் ஆலையில் வேலை செய்யும் தகப்பனுக்கோ நம் நாட்டுச் சட்டத்தில் ஒரு நாள்கூட இல்லை. மத்திய சர்க்கார் உத்தியோகஸ்தருக்கு 15 நாள் உண்டு. காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறவன் தகப்பன். இரும்பு அடிக்கிறவன் தகப்பன் இல்லையா?

இங்கிலாந்தில் 2023ல் ஒரு சட்டம் செய்து 2025 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள். பிறந்த 28 நாளுக்குள் குழந்தை இத்தகைய சிகிச்சையில் சேர்ந்து தொடர்ந்து ஏழு நாள் இருந்துவிட்டால், தாய்க்கும் தகப்பனுக்கும் வழக்கமான விடுமுறைக்கு மேல் 12 வாரம் வரை தனி விடுமுறை. அது பணக்கார நாடு என்பீர்கள். ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் செய்கிற கார்களும் போன்களும் பணக்கார நாடுகளுக்குத்தானே கப்பலேறுகின்றன? பொருளின் தரத்துக்கு அவர்களுடைய அளவுகோலை ஒப்புக்கொள்கிறோம். பொருளைச் செய்கிற மனிதனுக்கு மட்டும் நம்முடைய அளவுகோலா?

கடைசியாக, என் வாசகர்களிடம் ஒரு வார்த்தை. சட்டமும் ஆஸ்பத்திரியும் இருக்கட்டும். வீட்டுக்குள் நாம் என்ன செய்கிறோம்? "பிழைக்குமோ பிழைக்காதோ, அதிகம் ஒட்டிக்கொள்ளாதே" என்று பெற்றவளுக்கே புத்தி சொல்கிறோம். வீட்டுக்கு வருகிற வரையில் பெயர் வைக்காதே, துணி வாங்காதே, யாரிடமும் சொல்லாதே என்கிறோம். "பப்பாளி சாப்பிட்டாயா, பஸ்ஸில் போனாயா?" என்று குற்றப் பத்திரிகை படிக்கிறோம். என் தங்கையிடம் இதைக் கேட்டவர்களில் பட்டதாரிகளும் உண்டு. எவ்வளவோ குறைப் பிரசவங்களுக்குக் காரணம் இன்னதென்று டாக்டர்களாலேயே சொல்ல முடிவதில்லை. அடுத்த வீட்டு மாமிக்கு மட்டும் தெரிந்துவிடுகிறது! ஒட்டிக்கொள்ளாதே என்று சொல்கிற வீட்டுக்கும், உள்ளே வராதே என்று சொல்கிற ஆஸ்பத்திரிக்கும் என்ன வித்தியாசம்? இரண்டுமே அந்தக் குழந்தையை நிச்சயமாகும் வரை பிள்ளையாகக் கணக்கில் வைக்காத மனப்பான்மைதான்.

குழந்தைக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. தாயின் குரலை அது வயிற்றுக்குள்ளேயே கேட்டுப் பழகியது. யந்திரங்களின் கூவலுக்கு நடுவே அதற்கு அறிமுகமான ஒரே சத்தம் அதுதான். அதை வாசலுக்கு வெளியே உட்கார்த்தி வைப்பது எந்த விதத்தில் வைத்தியம்?

ஆகவே என் கோரிக்கையை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். பச்சிளங்குழந்தைகள் பிரிவு வாசலில் உள்ள பலகையில் 'தாய் தந்தையருக்கு நேரக் கட்டுப்பாடு இல்லை' என்று ஒரு வரி எழுதுங்கள். கை கழுவக் குழாயும், மாற்றிக்கொள்ள அங்கியும், பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு சாய்வு நாற்காலியும் வையுங்கள். முதல் நாளிலிருந்தே கற்றுக் கொடுங்கள். புதிய கட்டடம் கட்டும்போது தாயின் கட்டிலையும் சேர்த்து வரைபடம் போடுங்கள். தகப்பனுக்கு, அவன் கான்ட்ராக்டானாலும், பிள்ளை பெட்டியில் இருக்கும் நாட்களுக்குக் கூலியோடு விடுமுறை என்று சட்டம் செய்யுங்கள். படிக்கிற நீங்கள், உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ இப்படி ஒரு குழந்தை பிறந்தால், முதலில் அதற்கு ஒரு பெயர் வையுங்கள். பிறகு அதன் தாயோடு அந்த வாசலுக்குப் போய், 2017லேயே சர்க்கார் சொல்லியிருக்கிறதே, இவளை ஏன் உள்ளே விடவில்லை என்று தாழ்ந்த குரலில், ஆனால் பதில் கிடைக்கிற வரைக்கும், கேளுங்கள்.